நிபிமா வேர்: கஷாயத்தில் இருப்பது குளோரோஃபார்மில் ஏன் வரவில்லை

வணக்கம். கானாவின் நிபிமா என்ற மூலிகைச் செடியின் வேர்க் கஷாயம் மலேரியாக் கிருமியைக் கொல்கிறது, அதே வேரின் குளோரோஃபார்ம் சாறு எடுபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அதிலுள்ள கிரிப்டோலெபின் ஓர் ஆல்கலாய்டு, அதாவது செடியில் உண்டாகும் காரத்தன்மையுள்ள பொருள். உப்பாக இருக்கும்வரை தண்ணீரில்தான் இறங்கும். பொடியை முதலில் அம்மோனியா விட்டு நனைத்து ஊறவையுங்கள், குளோரோஃபார்ம் பிறகு. அம்மோனியா உப்பைக் காரமாக மாற்றும், காரம்தான் குளோரோஃபார்மில் இறங்கும். நிறத்தைக் கவனியுங்கள்: உப்பு மஞ்சள், காரம் ஊதா. சாறு ஊதாப் பக்கம் திரும்பினால் பொருள் வந்துவிட்டது.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. கிரிப்டோலெபின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொண்டு டி.என்.ஏ.வின் சிக்கலை அவிழ்க்கும் டோப்போஐசோமரேஸ் 2 நொதியைத் தடுக்கும். மனித செல்லையும் விட்டுவைக்காது. ஆகவே அதே சாற்றை மனித செல்களிலும் சோதித்து, மனித செல்லைக் கொல்லும் அளவுக்கும் கிருமியைக் கொல்லும் அளவுக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள்.