71 மார்க்கா, 99-ஆவது இடமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டறிக்கை தயாரிக்கிறேன். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் இந்தியாவுக்கு 71 மார்க் என்கிறது ஒரு அறிக்கை. இன்னொன்று 67 மார்க், 99-ஆவது இடம் என்கிறது. எதைப் போடுவது?

பதில்: இரண்டும் சரிதான். ஆனால் ஒரே வரைபடத்தில் வைத்துவிடாதீர்கள். 71 என்பது நிதி ஆயோக் 2023-24 குறியீட்டில் உள்ளது; மாநிலங்களை ஒப்பிட 113 குறிகாட்டிகளைக் கொண்டு போட்டது. 67 என்பது ஐ.நா. ஆதரவில் இயங்கும் ஆய்வு வலையமைப்பான எஸ்டிஎஸ்என்-இன் 2025 அறிக்கை; 167 நாடுகளை வரிசைப்படுத்துகிறது. குறிகாட்டிகளும் வேறு, அளவுகோலும் வேறு.

"2018-இல் 57, இப்போது 71, ஆக 14 கூடியிருக்கிறது" என்றும் எழுத வேண்டாம். 2018-இல் நிதி ஆயோக் எடுத்துக்கொண்டது 62 குறிகாட்டிகள்தான். கேள்வித்தாள் மாறிய பிறகு மார்க்கை மட்டும் கழித்துப் பார்த்து என்ன பயன்?

மொத்த மார்க்குக்கு ஒரு வரி போதும். உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒரு குறிகாட்டியை எடுத்து வேகத்தைக் கணக்கிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பைப் பார்ப்போம். பிறப்பு, இறப்புகளைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின்படி (எஸ்ஆர்எஸ்) 1,000 பிறப்புக்கு 2015-இல் 43, 2020-இல் 32. இலக்கு, 2030-க்குள் 25. எக்செல்லில் =(32/43)^(1/5)-1 என்று அடித்தால் ஆண்டுக்கு 5.7% குறைந்தது தெரியும். தேவையான வேகத்துக்கு =(25/32)^(1/10)-1. விடை 2.4%தான். 5.7% வேகமே நீடித்தால் கெடுவுக்கு வெகு முன்பே இலக்கைத் தொட்டுவிடலாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) இதே இறப்பு விகிதத்தை 41.9 என்கிறது. 2015-க்கு 43-ஐப் பதிவு முறையிலிருந்தும், அடுத்த எண்ணைக் குடும்ப நல ஆய்விலிருந்தும் எடுத்தால் ஐந்தாண்டில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். பதிவு முறை அந்தந்த ஆண்டின் கணக்கு. குடும்ப நல ஆய்வு தருவதோ ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகளின் விகிதம். எதை எடுத்தாலும் இரு முனைக்கும் ஒரே மூலம் இருக்கட்டும்.

வறுமையை எடுத்தால் இன்னும் கவனம் தேவை. உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. பழைய கோட்டின் எண்ணையும் புதிய கோட்டின் எண்ணையும் ஒரே வரிசையில் கோக்காமல், பழைய ஆண்டுகளுக்கும் 3 டாலர் கணக்கையே எடுத்துப் போடுங்கள்.