முதல் மூன்று மாதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரிதான் படித்தேன். வலங்கைமான் பக்கத்துப் பையன், எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) சிங்கப்பூர் போயிருக்கிறீர்கள், அங்கே பூன் லே பகுதியில் மூன்று பேரோடு அறை, முதல் சம்பளமே இன்னும் கைக்கு வரவில்லை. ஊரில் மாசம் எழுநூறு ரூபாய் கட்டி பவர்லிஃப்டிங் என்கிற பளுதூக்கும் பயிற்சி பழகியதாகவும், அதை விட மனசில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஜிம்மில் சேர்ந்தால் பயிற்சிக்கும் ஒத்துவரும், கையிருப்புக்கும் ஒத்துவரும் என்பது கேள்வி. கூடவே இன்னும் நாலைந்து கேள்விகள்.

நான் இப்போது விடுப்பில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில்தான் இருக்கிறேன். சம்பா அறுவடை ஓடுகிறது. பகல் பூரா அறுப்பு மெஷினுக்குப் பின்னால் வயலில் நின்றுவிட்டு ராத்திரிதான் உட்கார முடிகிறது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லப் போவதில்லை. ஜிம் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஒப்பந்தம் எதிலும் முதல் மூன்று மாதம் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரயில் நிலைய வாசலிலும் மால் வாசலிலும் மேசை போட்டுச் சிரித்த முகத்தோடு நிற்பார்கள். புதிதாக வந்தவனை அவர்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஒருநாள் சும்மா வந்து பாருங்கள் என்பார்கள். போனால் சுற்றிக் காட்டுவார்கள், குளிரூட்டிய அறை, சுத்தமான துண்டு, வெந்நீர்க் குளியல். பிறகு ஒரு மெஷினில் வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்லி, உடம்பில் கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று ஒரு தாளை எடுத்து நீட்டுவார்கள். அந்தத் தாளைப் பார்த்து மனசு கொஞ்சம் கலங்கியிருக்கும் நேரத்தில்தான் பேரம் தொடங்கும். மாதச் சந்தா ஒரு தொகை, தனிப் பயிற்சியாளர் வகுப்புகளுக்கு அதைவிடப் பல மடங்கு. "இன்றைக்கு ராத்திரிக்குள் சேர்ந்தால்தான் இந்த விலை" என்பார்கள். நம்பாதீர்கள். அடுத்த வாரம் போனாலும் அதே விலை இருக்கும், சில சமயம் குறைந்தும் இருக்கும். நான் அங்கே இருக்கிற இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சு மட்டும் மாறவே இல்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அந்த விற்பனைப் பிள்ளைகள் மேல் இல்லை, அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. நம்ம ஆட்கள் மேல்தான். நண்பனைச் சேர்த்துவிட்டால் ஒரு மாசம் இலவசம் என்று ஒரு சலுகை உண்டு. அதற்காக, நேற்று வந்து இறங்கிய ஊர்க்காரப் பையனைத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போய் ஒன்றரை வருஷ ஒப்பந்தத்தில் மாட்டிவிடுகிற அண்ணன்கள் இருக்கிறார்கள். அந்தப் பையன் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கின கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பான். அவன் கணக்கிலிருந்து மாசா மாசம் தானாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும். உங்களை யாராவது அப்படிக் கூப்பிட்டால், "யோசிச்சுச் சொல்றேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சங்கடப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

மொத்தமாக முன்பணம் கட்டுவது அதைவிட ஆபத்து. 2016 ஜூலையில் கலிபோர்னியா ஃபிட்னஸ் சிங்கப்பூரில் கிளைகளை மூடிவிட்டது. மறு வருஷம் ஜூனில் ட்ரூ ஃபிட்னஸ் மலேசியாவிலும் தாய்லாந்திலும் மூடியது. இரண்டு பேருமே ஊரறிந்த பெரிய பெயர்கள். பெரிய இடம்தானே, எங்கே போய்விடப் போகிறது என்று நம்பித்தான் ஜனங்கள் முன்பணம் கட்டினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஜிம்மிலும் இதுதான் நடந்தது. அங்கே நான் மாசக் கட்டணம்தான் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் போனால் ஷட்டர் இறக்கியிருக்கிறது, அதில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது, நாலைந்து பேர் பையும் கையுமாக நின்று அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னோடு அறையில் இருந்த பட்டுக்கோட்டைக்காரர் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்தார். ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) திரும்பி வரவில்லை. சிறு வழக்கு நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது, 20,000 வெள்ளி வரைக்கும் வக்கீல் இல்லாமலே போகலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பெனியே திவாலானால் அங்கே போய் என்ன கிடைக்கும்? திவாலான கம்பெனியிடம் பணம் கேட்பவர்கள் வரிசையில் சந்தா கட்டினவர்கள் கிட்டத்தட்டக் கடைசி ஆட்கள்.

மூன்று மாசம் கழித்து, வேலை நிலைத்து, ஷிஃப்ட் தெரிந்து, சரி சேரலாம் என்று முடிவெடுத்தால், சந்தாத் தொகையைப் பார்க்கும் முன்னால் வெளியேறும் வழி என்ன என்று பாருங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு பாஸ் ரத்தானால் சில வாரங்களில் கிளம்பியாக வேண்டும். நாட்டை விட்டுப் போகிறவருக்கு ஒப்பந்தம் எப்படி முடியும் என்று எழுத்தில் இருக்கிறதா? வாயால் சொன்னது கணக்கில் சேராது. வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்கு வருவீர்கள், அக்கா கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு மாசம் இழுத்துவிடும். அந்த மாசத்துக்குச் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணமா? இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்கலாமா? சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? 2024 ஜனவரியிலிருந்து அது 9 சதவீதம். சேர்க்கைக் கட்டணம், கதவு திறக்கிற அட்டைக்குத் தனிப் பணம் எல்லாவற்றையும் கூட்டி, பன்னிரண்டு மாசத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வெள்ளியை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் கொஞ்ச நாள் இருக்கும். இந்த ஒரு இடத்தில் தாராளமாகப் பெருக்கிப் பாருங்கள்.

உங்கள் பயிற்சிக்கு வருவோம். பவர்லிஃப்டிங்குக்கு வேண்டியது நாலே சாமான்: தனியாக நிற்கிற ஸ்குவாட் ரேக் (பாரத்தோடு உட்கார்ந்து எழ பாரைத் தாங்கி நிற்கிற சட்டம்), நல்ல பார், பெஞ்ச், போதுமான தட்டுகள். பளபளப்பான ஜிம்கள் பலவற்றில் ஓட்டப்பட்டைகள் (டிரெட்மில்) வரிசையாக நிற்கும், ரேக் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஸ்மித் மெஷினைக் காட்டி இதிலேயே ஸ்குவாட் செய்யலாம் என்பார்கள். அதில் பார் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஒரே கோட்டில்தான் ஏறி இறங்கும், நீங்கள் பழகின பயிற்சி அது இல்லை. கடைவீட்டு மாடியில் இருக்கிற ஜிம்மில் தரையிலிருந்து தூக்குகிற டெட்லிஃப்ட் பாரத்தைக் கீழே போட்டால் கீழ்க்கடைக்காரர் வந்துவிடுவார், அதனால் பல இடங்களில் தடை. பிடி வழுக்காமலிருக்கக் கையில் சாக்பொடி பூசவும் தடை இருக்கும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, நீங்கள் வழக்கமாகப் போகப்போகிற அதே நேரத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். சாயந்திரம் ஏழு மணிக்கு ஒரு ரேக்குக்கு நாலு பேர் காத்திருந்தால், காலை பதினொன்றுக்குச் சுற்றிக் காட்டினதால் உங்களுக்கு என்ன பிரயோஜனம்? அப்புறம் தூரம். அறையிலிருந்தோ, வேலை முடிந்து வருகிற வழியிலோ பத்து நிமிஷத்துக்கு மேல் விலகியிருக்கிற ஜிம்முக்கு, இரண்டு ஓவர்டைம் வாரம் கழிந்தால் போகமாட்டீர்கள். பணம் மட்டும் போகும்.

அதுவரைக்கும் என்ன செய்வது? ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்கள் இருக்கின்றன. அரசாங்கத்தின் விளையாட்டுக் கழகம் 2014-ல் தொடங்கிய திட்டம், தீவு முழுக்கக் கிளைகள். போகிற அன்றைக்கு மட்டும் சில வெள்ளி கட்டினால் போதும், ஒப்பந்தம் கிடையாது. உங்கள் பக்கத்தில் ஜூரோங் வெஸ்டில் ஒன்று இருக்கிறது. சாயந்திரம் கூட்டம் மொய்க்கும், விடுப்பு நாள் காலையில் போங்கள். அது அரசாங்க ஜிம், அங்கே போனால் மரியாதை இல்லை என்று நினைக்கிற நம்மவர்கள் உண்டு. நான் இன்றைக்கும் அங்கேதான் போகிறேன்.

அதற்கும் காசில்லையென்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே போங்கள். அங்கே பயிற்சி மூலைகள் இருக்கும், இரும்புக் கம்பி, இணைக்கம்பி, சாய்வுப் பலகை, எல்லாம் இலவசம். அந்த ஊர்ப் பையன்கள் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, உடல்தகுதித் தேர்வில் தேறவேண்டும், தண்டால், சிட்டப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். முன்பெல்லாம் கம்பியில் தொங்கி எழுவதும் அந்தத் தேர்வில் உண்டு. அதனால் கம்பி இல்லாத பேட்டையைப் பார்ப்பதே கஷ்டம்.

நான் போனது 2003-ல், சார்ஸ் காய்ச்சல் ஓய்ந்த கையோடு. துவாஸில் கப்பல் பட்டறை. விடியுமுன் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும், இருட்டினபிறகு கொண்டுவந்து இறக்கும். ஆறு பேர் இருந்த அறையில் கால் நீட்ட இடம் கிடையாது, தண்டால் எங்கே எடுப்பது? சாப்பிட்டதும் கீழே இறங்கி அந்தக் கம்பிகளிடம் போய்விடுவேன். அங்கே ஒரு சீனத் தாத்தா தினமும் வருவார். எழுபது வயதாவது இருக்கும், பனியனும் அரைக்கால் சட்டையும். மழை பெய்து கம்பி நனைந்திருந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து முதலில் எல்லாக் கம்பியையும் துடைப்பார். தன்னுடையதை மட்டுமில்லை, எல்லாவற்றையும். அப்புறம்தான் தொங்குவார். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் பிடியைப் பார்த்துவிட்டு, பெருவிரலை உள்ளே மடக்காதே, சுற்றிப் பிடி என்று தன் கையாலேயே திருத்தினார். அந்த ஊரில் என்னிடம் வேலை வாங்காமல், பணம் கேட்காமல் பேசின முதல் மனுஷர் அவர். அன்று பிடித்த பிடிதான் இன்றுவரைக்கும்.

அறையில் இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். நாளெல்லாம் இரும்பு தூக்குகிறவனுக்கு ராத்திரியும் இரும்பா என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறப்பதுதான் அப்போது அவர்களுக்கு ஓய்வு. அவர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கு முழங்கால் போய்விட்டது, சர்க்கரை வந்துவிட்டது. வேலை என்பது ஒரே பக்கமாக உடம்பைத் தேய்க்கிறது, பயிற்சிதான் மறுபக்கத்தைக் காப்பாற்றும். எனக்கு அது கபடியிலிருந்தே தெரியும். எங்கள் ஊர்க் கீழத்திடலில் பொங்கல் ஆட்டத்துக்கு ஒரு மாசம் முன்பிருந்தே பஸ்கி எடுக்கவைப்பார்கள், எடுக்காதவனைக் களத்தில் இறக்கமாட்டார்கள். இன்றைக்கு அந்தத் திடலில் செல்போன் டவர் நிற்கிறது. பையன்கள் மன்னார்குடிக்குப் பைக்கில் போய் ஜிம்மில் சேர்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

சீசனில் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் தூக்கின உடம்பு என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்படலாம். ஆனால் சிப்பம் தலையிலும் பிடரியிலும் உட்காரும், கூட ஏற்றிவிட ஆள் இருக்கும். அந்நிய ஊர் ஜிம்மில், தூக்கம் பற்றாத உடம்போடு, துணைக்கு நிற்க ஆள் இல்லாமல் பாரத்தைக் கூட்டாதீர்கள். ஊரில் தூக்கின எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். எஸ் பாஸ்காரருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும், 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. அது மருத்துவமனையில் படுத்தாலோ பகல்நேர அறுவை சிகிச்சை நடந்தாலோ உதவும். முதுகு பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கும் பிசியோதெரபிக்கும் நடக்கிற செலவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கம்பெனிக் கடிதத்தை எடுத்து உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். நடக்கமுடியாமல் இரண்டு வாரம் படுத்தால் அறைக்காரர்கள் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள், கம்பெனி எவ்வளவு நாள் பொறுக்கும் என்று சொல்லமுடியாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரோட்டீன் பவுடருக்கு இப்போது செலவு வேண்டாம், முட்டையும் கொண்டைக்கடலையும் பருப்பும் போதும். சாப்பாடு நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், தமிழன் பசியோடு கிடக்கிற ஊர் இல்லை அது. நீச்சல் குளமும் ஜிம்மும் உள்ள காண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) அறை எடுக்கலாமா என்றால், வாடகைதாரராகப் பெயர் பதிந்து அட்டை கொடுத்தால் மட்டும் யோசியுங்கள். பெயர் பதியாமல் உள்ளே விடுகிறேன் என்கிற வீட்டுக்காரரிடம் போகவேண்டாம், நாளைக்கு வேறு தொல்லை வரும்.

லிஃப்டிங் பெல்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். அங்கே புதிதாக வாங்காதீர்கள். மாசி முதல் வாரம் நான் திருச்சியில் விமானம் ஏறுகிறேன், அதற்குள் உங்கள் தம்பியிடம் சொல்லி மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் வந்து கொடுக்கச் சொல்லுங்கள், என் பெட்டியில் இடம் இருக்கிறது. ஏதாவது ஜிம்மில் ஒப்பந்தத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.