சென்னை முதல் சான் பிரான்சிஸ்கோ வரை: எங்கே உதைக்கிறது கணக்கு?

கேள்வி: சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 13,900 கி.மீ. என்று இணையத்தில் பார்த்தேன். மணிக்கு 900 கி.மீ. என்றால் 15, 16 மணி நேரம் ஆகவேண்டும். ஆனால் 68 வயது அம்மாவுக்காக நான் பார்த்திருக்கும் டிக்கெட்டில் வெள்ளி இரவு 11.30-க்குக் கிளம்பி, சிங்கப்பூர் வழியாக, சனி காலை 9-க்குப் போய்ச் சேரும் என்று இருக்கிறது. பத்து மணி நேரம்கூட இல்லையே! எது சரி?

பதில்: இரண்டும் இல்லை. அம்மாவுக்கு 22 மணி நேரம் ஆகும்.

13,900 என்பது உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். வீட்டில் குளோப் இருந்தால் இழுத்துப் பாருங்கள். நூல் வடகிழக்கே திபெத், சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, அலாஸ்கா பக்கம் இறங்கும். அந்த வழியில் சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் போய்ப் போனால் 2,900-உம் 13,600-உம் சேர்ந்து 16,500 கி.மீ. ஆகிவிடுகிறது.

இனி கடிகாரம். சான் பிரான்சிஸ்கோ கோடையில் நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது; நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பதின்மூன்றரை. உங்கள் டிக்கெட் கோடைக்கானது என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் தெரியும் ஒன்பதரை மணி நேரத்தோடு பன்னிரண்டரையைக் கூட்டுங்கள்: 22. சிங்கப்பூர் வரை 4, அங்கே காத்திருப்பு 3, அப்புறம் 15. வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூரில் சனி காலை 9-க்கு ஏறுபவர் அதே சனி காலை 9-க்கு இறங்குகிறார். நடுவில், பசிபிக் கடலில், தாண்டினால் ஒரு நாள் பின்னால் போகும் தேதிக்கோடு வருகிறதே!

திரும்பி வரும்போது இதே 22 என்று நினைத்துவிடாதீர்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். சான் பிரான்சிஸ்கோ–சிங்கப்பூர் மட்டும் 17 மணி நேரம் பிடிக்கும்.

அம்மா தனியாகப் போகிறார் என்றால் தூரத்தை விட்டுவிடுங்கள், விமானம் மாறும் இடத்தைப் பாருங்கள். நியூயார்க், சிகாகோ வழி டிக்கெட் சில சமயம் மலிவாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட்டுவிட்டு அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அது ஆகாது. சிங்கப்பூர் வழியில் அந்த அலைச்சல் இல்லை. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி கடைசி ஊருக்கே போய்விடும். வீல்சேரை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அழைத்துப்போக வருபவர் 9 மணிக்கே வந்து நிற்க வேண்டாம். சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து அம்மா வெளியே வர பத்தரைகூட ஆகலாம்.