ஆண்டுக் கட்டணத் தள்ளுபடியும் அட்டைக் கடனும்: மடிப்பாக்கம் வாசகியின் பிராட்பேண்ட் கேள்வி

கேள்வி: மடிப்பாக்கத்தில் மாமனார் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்களும், மாடியில் கொழுந்தனார் குடும்பமும் இருக்கிறோம். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். கணவரின் சம்பளம் வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விடுகிறது. அவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. இப்போதுள்ள பிராட்பேண்டுக்கு ஓராண்டுக் கட்டணம் 9,600 ரூபாயை முன்கூட்டியே கட்டியிருந்தேன். மெட்ரோ வேலை நடக்கும் பக்கம் கேபிள் அறுந்ததிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் இணைப்பே கிடைப்பதில்லை. இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருப்பதால் விடவும் மனம் வரவில்லை. புதிய நிறுவனத்தின் முகவர், 100 எம்பிபிஎஸ் வேக இணைப்பு மாதம் 799 ரூபாய், ஜிஎஸ்டி தனி, ஓராண்டுக்குக் கட்டினால் பதின்மூன்றாவது மாதம் இலவசம் என்கிறார். ஓடிடி சேர்ந்தது வேண்டுமென்றால் 999 ரூபாய். மாடிக்கும் எங்கள் இணைப்புதான், அதற்குக் கொழுந்தனாரிடம் இதுவரை பணம் கேட்டதில்லை. அவரோ 300 எம்பிபிஎஸ் எடுத்தால்தான் மாடிக்குச் சரியாக வரும் என்கிறார். எப்போதும்போல ஆண்டுக் கட்டணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். கார்டில் 62,000 ரூபாய் நிலுவை உள்ளது. மாதம் 3,500 தவறாமல் கட்டுகிறேன், ஆனால் இரண்டாண்டாக அது குறையவேயில்லை. வங்கியில் ஏழு சதவீத வட்டியில் 80,000 ரூபாய் வைப்புநிதி இருக்கிறது. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: நிறுவனத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் 'எப்போதும்போல' என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த செலவுப் பட்டியலில் பிராட்பேண்டுக்கு ஓராண்டுக் கட்டணம், மகனின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓராண்டுக் கட்டணம், மகளின் இணையவழி வகுப்புக்கு ஓராண்டுக் கட்டணம் என்று மூன்று இருக்கின்றன. மூன்றும் மொத்தமாகக் கட்டினால் மலிவு என்பதற்காகக் கார்டில் கட்டப்பட்டவை. நீங்கள் ஆடம்பரமாக எதையும் வாங்கவில்லை. மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் கடனில் விழுந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், வட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த ஒரு கணக்கை நீங்கள் தாளில் போட்டுப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. உங்கள் கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று ஸ்டேட்மெண்ட்டில் உள்ளது. 62,000 ரூபாய்க்கு அது 2,170 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 390. ஆக மாதம் 2,560 ரூபாய் வட்டியாகவும் வரியாகவும் போகிறது. நீங்கள் கட்டும் 3,500-இல் அசலில் கழிவது 940 ரூபாய் மட்டுமே, அதையும் அடுத்த ஆண்டுக் கட்டணம் வந்து விழுங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 30,700 ரூபாயை, அதாவது உங்கள் சம்பளத்தில் இருபது நாள் உழைப்பை, எந்தப் பொருளும் வாங்காமலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மெண்ட்டில் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் ஸ்டேட்மெண்ட்டிலும் அந்த எச்சரிக்கை இருக்கும், தேடிப் பாருங்கள். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்ன தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே சட்டம் வந்து இந்த வட்டியைக் குறைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இப்போது முகவரின் சலுகைக்கு வருவோம். 799 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்ந்து மாதம் 943 ரூபாய், ஓராண்டுக்கு 11,314. பதின்மூன்றாவது மாதம் இலவசம் என்பதால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் அதே 943 ரூபாய். முழு நிலுவையையும் கட்டாமல் வைத்திருக்கும் கார்டில் புதிதாக ஒன்றை வாங்கினால், வழக்கமான நாற்பது ஐம்பது நாள் வரையிலான வட்டியில்லாக் காலம் அந்தப் புதிய தொகைக்குக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த விதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 11,314 ரூபாய்க்கு வட்டியும் வரியும் மாதம் சுமார் 467. இலவச மாதத்தின் மதிப்பு இரண்டே மாதத்தில் கரைந்துவிடுகிறது. நீங்கள் மிகுந்த ஒழுங்கோடு இதற்கென்றே மாதம் 943 ரூபாயைக் கூடுதலாகக் கார்டில் கட்டி வந்தாலும் ஆண்டு முடிவில் குறைந்தது 3,000 ரூபாய் வட்டி போயிருக்கும். கட்டாமல் நிலுவையோடு சேர விட்டால் குறைந்தது 5,600. 943 ரூபாய் மிச்சத்துக்காக இவ்வளவையா கொடுப்பது?

வேண்டுமானால் 'நோ காஸ்ட் இஎம்ஐ', அதாவது வட்டியில்லா மாதத் தவணையாக மாற்றித் தருகிறேன் என்று முகவர் அடுத்து சொல்வார். இப்போது எதை விற்றாலும் அதையும் சேர்த்தே விற்கிறார்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும், பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் உண்டு. அதைவிட முக்கியம், ஒவ்வொரு மாதத் தவணையும் நீங்கள் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையோடு முழுமையாகச் சேரும். 3,500-ஐத் தாண்டிக் கட்ட முடியாத மாதத்தில் அந்தத் தவணையும் மூன்றரை சதவீத வட்டிக்குள் போய்விடும். தயவுசெய்து வேண்டாம்.

ஆகவே முதல் வேலை வங்கியில் இருக்கிறது. 80,000 ரூபாய் வைப்புநிதியை உடையுங்கள். அவசரத்துக்கு வைத்த பணம் என்று தயங்குவீர்கள். அந்த அவசரம் இரண்டாண்டாக உங்கள் வீட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஏழு சதவீத வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 62,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 4,340 கிடைக்கிறது. அதே 62,000-க்கு இன்னொரு பக்கம் 30,700 கொடுக்கிறீர்கள். முன்கூட்டி உடைப்பதற்காக வங்கி அரை சதவீதமோ ஒரு சதவீதமோ வட்டியைக் குறைக்கட்டும், அது இந்த இடைவெளிக்கு முன் ஒன்றுமேயில்லை. கார்டு நிலுவையை ஒரே தவணையில் அடைத்துவிட்டால் கையில் 18,000 ரூபாய் நிற்கும், அதைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். இதுவரை கார்டுக்குப் போன 3,500-ஐ அதே தேதியில் தொடர் வைப்பில் போட்டு வந்தால் பதினெட்டு மாதத்தில் 63,000 ரூபாய் சேர்ந்து, உடைத்த பணம் திரும்பிவிடும். கணவரிடம் இதை மறைத்துச் செய்யாதீர்கள். மகனின் உடற்பயிற்சிக் கூடம் உட்பட எதுவும் இனி ஆண்டுக்கட்டணமாகக் கார்டில் போகாது என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

இனி இணைப்பு. ஏற்கெனவே கட்டிய கட்டணத்தில் ஐந்து மாதம், அதாவது 4,000 ரூபாய், வீணாகுமே என்பது உங்கள் கவலை. அந்தப் பணம் இணைப்பை வைத்திருந்தாலும் விட்டாலும் திரும்பப் போவதில்லை. வைத்திருந்தால் கணவரின் வேலை நாட்களும் சேர்ந்து கெடும். ஆனால் கேட்காமல் விடவும் கூடாது: துண்டிப்பு நேர்ந்த தேதிகளைக் குறித்து, வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி, மீதிப் பணத்தை எழுத்து மூலமாகக் கேளுங்கள். அங்கே தீராவிட்டால், ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2012 விதிகள் சொல்கின்றன, அவருக்கு அனுப்புங்கள். பணம் வந்தால் நல்லது. வரும் என்று நம்பி முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

சென்னையில் எந்த நிறுவனம் சிறந்தது என்ற கேள்விக்கு ஊர் முழுவதற்குமான பதில் கிடையாது, தெருவுக்குத் தெரு பதில் மாறும். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் உங்கள் பக்கமாகத்தான் போகிறது. பள்ளம் தோண்டும் இடத்தில் எந்த நிறுவனத்தின் கேபிளும் அறுபடும். அறுந்தபின் யார் அன்றைக்கே வந்து சரிசெய்கிறார் என்பதுதான் வேறுபாடு. விளம்பரத்தைவிட, உங்கள் தெருவில் அதே இணைப்பை வைத்திருக்கும் மூன்று வீட்டாரிடம் கேட்பது பயன் தரும். கடைசியாக எப்போது நின்றது, எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார் என்று மட்டும் கேளுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல இடங்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களே பங்குதாரராக இருந்து தருகிறார்கள். அங்கே நிறுவனத்தின் பெயரைவிட அந்த ஆபரேட்டரின் பொறுப்புதான் முக்கியம். ஃபைபர் வீட்டுக்குள் வரை வருகிறதா, கம்பத்திலிருந்தும் மரத்திலிருந்தும் தொங்கி வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் வீட்டுக் கேபிள் முறிந்த மரக்கிளையோடு தெருவில் கிடந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று, நானும் அப்போது ஆறு மாதக் கட்டணம் முன்கூட்டிக் கட்டியிருந்ததால் வேறு இடம் போக முடியவில்லை. மாதாமாதம் கட்டுபவருக்கு விட்டுவிட்டுப் போகும் உரிமை கையில் இருக்கிறது. மழைக்காலத்துச் சென்னையில் அந்த உரிமை ஓர் இலவச மாதத்தைவிட மதிப்புடையது.

தெருவில் ஃபைபர் இருக்கும்போது, இப்போது பரவலாக விற்கப்படும் 5ஜி வீட்டு இணைப்பு உங்களுக்குத் தேவையில்லை. கேபிள் எட்டாத இடத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் வேகம் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்வோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மாலையில் அனைவரும் படம் பார்க்கும் நேரத்தில் குறையக்கூடும்.

வேகத்தைப் பொறுத்தவரை 100 எம்பிபிஎஸ் தாராளம். ஒரு வீடியோ அழைப்புக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கு 25 வரை. கணவரின் கூட்டமும் மகளின் வகுப்பும் மாடியில் ஒரு படமும் ஒரே நேரத்தில் ஓடினாலும் 50-ஐத் தாண்டாது. மாடிக்கு வேகம் குறைவதற்குக் காரணம் திட்டம் அல்ல, நடுவில் இருக்கும் கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரையும் தளத்தையும் கடக்கும்போது பெரிதும் வலுவிழந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு கடந்தாலும் மெதுவானது. 300 எம்பிபிஎஸ் எடுத்தாலும் மாடியில் அதே தொல்லை தொடரும். கீழிருந்து ஒரு லேன் கேபிளை மாடிப்படி வழியாக இழுத்து, அங்கே ஒரு சாதாரண ரவுட்டரை வைத்தால் தீர்ந்துவிடும். அந்த ஒரு முறைச் செலவைக் கொழுந்தனார் ஏற்பதே முறை. மாதக் கட்டணத்திலும் பாதியை அவரிடம் கேளுங்கள். இதுவரை கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 943-இல் பாதி 471 ரூபாய், அதைக் கேட்பதில் உறவு கெடாது. தருவதற்கு மனமில்லையென்றால் அவர் தனி இணைப்பு எடுத்துக்கொள்ளட்டும்.

ஓடிடி சேர்ந்த திட்டம் வரியோடு 1,179 ரூபாய், அதாவது மாதம் 236 கூடுதல். அதிலுள்ள தளங்களில் இப்போது எதற்குத் தனியாகக் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றுக்கும் இல்லையென்றால், பார்க்காத படத்துக்கு ஆண்டுக்கு 2,832 ரூபாய் கொடுப்பதாகும். இணைப்புக்கு முன் மோடத்துக்கான வைப்புத்தொகை திரும்புமா, நிறுத்தும்போது மோடத்தை யார் வந்து எடுப்பார்கள் என்பதை முகவரிடம் வாய்மொழியாக அல்லாமல் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தைச் சம்பளக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டுங்கள், கார்டிலிருந்து வேண்டாம்.

நிலுவையை அடைத்த அடுத்த மாத ஸ்டேட்மெண்ட்டில், ஸ்டேட்மெண்ட் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி ஒரு சிறு தொகையாக வரும். எல்லாம் முடிந்துவிட்டதென்று அதைக் கவனிக்காமல் விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் சேரும். அதையும் கட்டிவிட்டு, நிலுவை பூஜ்ஜியம் என்று வரும் ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தபிறகு கார்டை அலமாரியில் வையுங்கள்.