99.9% என்றால் எத்தனை நிமிடம்?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை இணையதளம் போன மாதம் 4 மணி நேரம் திறக்கவே இல்லை. தளத்தைத் தங்கள் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரர்கள் '99.9% அப்டைம் (தளம் ஓடும் நேரம்) உத்தரவாதம்' என்று சொல்லித்தான் மாதம் 300 ரூபாய் வாங்குகிறார்கள். கேட்டால், அடுத்த பில்லில் 30 ரூபாய் கழிப்பதாகச் சொல்கிறார்கள். இது சரியா?
- வாசகி, ஈரோடு

30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம். அதில் 0.1% என்றால் 43 நிமிடம். அதுவரை தளம் நின்றாலும் உத்தரவாதம் மீறப்படவில்லை. உங்களுக்கு 240 நிமிடம் நின்றிருக்கிறது, அதாவது 99.44%. மீறியது மீறியதுதான். ஆனால் இந்த உத்தரவாதம் போன வியாபாரத்துக்கு ஈடு தராது. கட்டிய வாடகையில்தான் கழிவு. அமேசான் வாடகைக்கு விடும் சர்வர் சேவையான ஈசி2-விலேயே மண்டல அளவிலான உத்தரவாதம் 99.99%, அதற்குக் கீழே போனால் 10% கழிவு, 99-க்குக் கீழே 30%, 95-க்கும் கீழே இறங்கினால்தான் முழுக் கட்டணமும் கழிவு. 95% என்றால் மாதத்தில் 36 மணி நேரம்! அதையும் குறித்த கெடுவுக்குள் நாமே கேட்டு வாங்க வேண்டும். ஆக, ஒப்பந்தத்தில் 10% என்று இருந்தால் 30 ரூபாய் சரியே.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது, கணக்கு மாதத்துக்கா வருடத்துக்கா என்பது. வருடக் கணக்கில் 99.9% என்றால், ஒரே நாளில் எட்டே முக்கால் மணி நேரம் நின்றாலும் கேட்க முடியாது. அடுத்து விலக்குகள். முன்னறிவிப்புடன் செய்யும் பராமரிப்பு, டிடாஸ் தாக்குதல் (போலிக் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்குவது), உங்கள் பிளகின் (தளத்தில் நீங்கள் சேர்த்த கூடுதல் மென்பொருள்) கோளாறு எல்லாம் பெரும்பாலும் கணக்கில் வராது. 'நெட்வொர்க் அப்டைம்' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் மோசம். சர்வர் பிங்குக்கு ('இருக்கிறாயா' என்று கேட்கும் சோதனை) பதில் சொல்லும், தளமோ 503 (சேவை இல்லை) என்ற பிழையைக் காட்டும்; அவர்கள் கணக்கில் அது ஓடுகிறது.

கேள்வி: தளம் நின்றதை எப்படி நிரூபிப்பது?
- வாசகர், திருநெல்வேலி

வெளியிலிருந்து கண்காணிக்கும் சேவை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இலவசத் திட்டங்கள் பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கும். இடையில் 3 நிமிடம் நின்று எழுந்தால் தெரியாது, எனவே கட்டணத் திட்டத்தில் 1 நிமிடம் நல்லது. பிங் போதாது. பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு சொல் வருகிறதா என்று பார்க்கும் கீவேர்ட் சோதனையைப் போடுங்கள். முகப்புப் பக்கம் கேஷிலிருந்து (முன்பே சேமித்த நகல்) வந்து ஏமாற்றலாம். டேட்டாபேஸைத் தொடும் தேடல் பக்கத்தைக் கொடுங்கள். பதிவில் நேரம் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) இருந்தால், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் (புகார்) போடும்முன் டொமைன் (தளத்தின் பெயர்), எஸ்எஸ்எல் (பாதுகாப்புச் சான்றிதழ்) இரண்டும் காலாவதியாகவில்லையே என்று பாருங்கள். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் பகிர்வு ஹோஸ்டிங்கில் 508 பிழை வந்தால், உங்களுக்கு ஒதுக்கிய சிபியு, நினைவகம் போன்ற வரம்பைத் தளம் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்குக் கழிவு கிடைக்காது.

கேள்வி: '100% அப்டைம்' தருபவரிடம் மாறலாமா?
- வாசகர், சிவகாசி

முதல் நிமிடத்திலிருந்தே கழிவு கணக்காகும், அவ்வளவே. எந்த சர்வரும் நிற்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். வாரம் ஒருமுறையாவது பேக்கப்பை வேறு நிறுவனத்தில் சேமியுங்கள். டொமைனையும், அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்-ஸையும் ஹோஸ்டிங்காரரிடமே வைக்காதீர்கள். டிடிஎல் (டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடியாக இருந்தால், பேக்கப்பை வேறு சர்வரில் ஏற்றியதும் சில நிமிடங்களில் பெரும்பாலானோரைத் திருப்பிவிடலாம்.