மறு: தம்பியின் அறையில் நடக்க இடமில்லை

அக்கா, பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி பழைய நோட்ஸ், ரசீது, காலிப் பெட்டி எதையும் தூக்கிப்போட விடுவதில்லை, அடுக்கச் சொன்னால் மணிக்கணக்கில் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறான், அம்மா சோம்பேறி என்று திட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்தச் சொல் வேண்டாம்.

இதில் வகை பிரிக்கும் சிரமமும் ஒரு காரணமாக இருக்கலாம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பொருள் குவிக்கும் சிக்கல் உள்ளவர்கள் தங்கள் சொந்தப் பொருள்களைப் பிரிக்க அதிக நேரம் எடுத்தார்கள், அதிகக் குவியல்கள் போட்டார்கள், பதற்றமும் அதிகம். நமக்கு 'பழைய தாள்' என்று ஒரே ரகம். அவர்களுக்கு ஒவ்வொரு தாளும் தனி ரகம். அப்புறம் எதை எதோடு சேர்ப்பது?

அவன் வகுப்புக்குப் போன நேரத்தில் காராங் குனிக்காரரை (பழைய சாமான் எடுப்பவரை) கூப்பிட்டுவிடாதீர்கள். நம்பிக்கை போய்விடும். ஒரே ஒரு இழுப்பறை, மூன்று பெட்டி: வைக்க, கொடுக்க, போட. பதினைந்து நிமிடம் போதும். பக்கத்தில் உட்கார்ந்து "எந்தப் பெட்டிடா?" என்று மட்டும் கேளுங்கள். முடிவு அவனுடையது.

கட்டிலும் வாசலும் அடைபட்டுவிட்டால், தீ ஆபத்தும் உண்டு, காத்திருக்காதீர்கள். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013 முதல் பொருள் குவிப்பதைத் தனிக் கோளாறாகவே வகுத்திருக்கிறது, சிகிச்சையும் உண்டு. இங்கே சிங்கப்பூரில், பலதுறை மருந்தகத்தில் சொன்னால் மனநலக் கழகத்துக்குப் பரிந்துரைப்பார்கள். முதலில் பேசிப் பார்க்க மனநல உதவி எண் 1771.