மாற்றுத்திறனாளிகளைத் தொண்டு, மருத்துவம், சமூகம், உரிமை என்று நான்கு விதமாகப் பார்ப்பதாகப் படிக்கிறோமே, நடைமுறையில் என்ன வித்தியாசம்?

கேள்வி கேட்டவர் பி.எட். மாணவர். உள்ளடக்கிய கல்விப் பாடத்தில் இந்த நான்கு அணுகுமுறைகளும் வருகின்றனவாம். தேர்வில் எழுதிவிடலாம், ஆனால் நேரில் எப்படி இருக்கும் என்று பிடிபடவில்லை என்கிறார். எனக்கு இரண்டு வயதில் போலியோ. இடது காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி, கையில் ஊன்றுகோல். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, அரசு அலுவலகத்தில் வேலை. உங்கள் பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நான்கிலும் குடியிருந்திருக்கிறேன், சில நாள் காலையில் ஒன்றில், மாலையில் இன்னொன்றில்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து நேராக மனைவியோடு கோயிலுக்குப் போனேன். என் காலிப்பர் ஷூவோடு சேர்ந்தது. ஷூவோடு உள்ளே போகக்கூடாது, ஷூவைக் கழற்றினால் நான் நிற்க முடியாது. அதனால் எப்போதும் வெளிப்படியில் உட்கார்ந்துகொள்வேன், அவள் போய்விட்டு வருவாள். அன்றைக்கு மடியில் ஆபீஸ் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். ஒரு வயதான அம்மா நெற்றி நிறைய விபூதியோடு வந்து, குனிந்து, போன் திரைமேலேயே ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு, "நல்லா இருப்பா" என்று சொல்லிப் போய்விட்டார். எழுந்து துரத்திக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "நான் உள்ள உண்டியல்ல போட்டுட்டு வரேன், இங்க நீங்க வசூல் பண்ணிட்டு இருக்கீங்களா?" என்றாள். இருவரும் சிரித்தோம். அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் என்னைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்; அந்தக் காலில் தனக்குக் கொஞ்சம் புண்ணியம் தெரிந்தது. தொண்டுப் பார்வை அதுதான். கொடுப்பவருக்கு நிம்மதி கிடைக்கும், வாங்குபவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷூவோடு ஒருவர் உள்ளே வர ஏதாவது வழி செய்யலாமா என்ற யோசனைக்கு அதில் இடமே வராது.

மருத்துவப் பார்வைக்கு நம் ஊரிலேயே ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு, மூட்டுப் பிரிவுக்கு 'முடநீக்கியல்' என்று எழுதியிருப்பார்கள். முடத்தை நீக்கும் இயல். பிரச்சினை உடம்பில் இருக்கிறது, டாக்டர் அதை நீக்க வேண்டும், நீக்க முடியாவிட்டால் அளந்து ஒரு சீட்டு தர வேண்டும். நான் சான்றிதழுக்குப் போனபோது டாக்டர் இன்ச் டேப்பால் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் எடுத்தார், தையல்காரர் பேன்ட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி. 60 சதவீதம் வந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெயின்டர், சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் மடங்காமல் போனவர், "முப்பத்தெட்டு போட்டுட்டாங்க சார்" என்று தாளைக் காட்டினார். 40 இருந்தால்தான் இடஒதுக்கீடு முதலான பெரும்பாலான சலுகைகள். அந்த இரண்டு சதவீதம் எந்தத் தசையில் குறைந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரால் இனி சாரத்தில் ஏற முடியாது என்பது மட்டும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அதை அளக்க அந்த டேப்பில் கோடு இல்லை.

(எண்ணிக்கை விளையாட்டு புதிதல்ல. புறநானூற்றின் 28ஆம் பாட்டு சிதடு (குருடு), பிண்டம் (உருவமில்லாத தசை), கூன், குறள் (குள்ளம்), ஊமை, செவிடு என்று தொடங்கி எட்டு வகை 'எச்சம்', அதாவது குறை, சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் ஏழு வகை சொன்னது. 2016 சட்டத்தில் 21; தலசீமியா, பார்கின்சன் நோய், அமில வீச்சுக்கு ஆளானவர்கள் வரை. பட்டியல் நீண்டால் நல்லதுதான், ஆனால் பட்டியல் எப்போதும் உடம்பைத்தான் பட்டியலிடுகிறது. கோயில் வாசலை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை.)

வாசலைப் பட்டியலில் சேர்த்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். தசைச்சிதைவு நோயோடு ஊனமுற்றோர் விடுதியில் பல வருடங்கள் இருந்துவிட்டு வெளியே வந்த பால் ஹன்ட் என்பவர் 1972இல் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்களை இப்படி ஒதுக்கி அடைத்து வைப்பதற்கு எதிராக நாமே ஒன்று சேர்வோம் என்பது சாரம். அதிலிருந்து ஒரு சங்கம் உருவாகி, 1976இல் ஓர் அறிக்கை போட்டது. அவர்கள் செய்த வேலை ஒரே சொல்லை இரண்டாக வெட்டியதுதான். உடம்பில் இருப்பது குறைபாடு. அந்த உடம்போடு வருகிறவனைச் சமூகம் வெளியே நிறுத்துவது இயலாமை. என் கால் சூம்பியிருப்பது குறைபாடு, கோயிலுக்குள் போகமுடியாதது இயலாமை. முதலாவதற்கு வைரஸ் பொறுப்பு, இரண்டாவதற்கு வாசலில் விதி போட்டவர்கள் பொறுப்பு. 1983இல் மைக் ஆலிவர் இதற்குச் 'சமூக அணுகுமுறை' என்று பெயர் வைத்தார். அவர் சக்கர நாற்காலியில் இருந்தவர், சமூகப்பணி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர்.

இதைப் படிப்பதற்கு முன்பே எனக்கு ஒரு மழை கற்றுக்கொடுத்துவிட்டது. அப்போது என் செக்‌ஷன் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது, 42 படிகள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை கைப்பிடியில். நடுவில் ஒரு இடத்தில் கைப்பிடி உடைந்திருக்கும், அங்கே சுவரைத் தேய்த்துக்கொண்டு ஏறுவேன். சட்டையின் வலது தோளில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். மேலே போய்ச் சேர்ந்தால் பாத்ரூமுக்குக்கூட இறங்கமாட்டேன், அதனால் தண்ணீரே குடிக்கமாட்டேன். கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேட்டு நான்கு வருடங்களில் மூன்று மனு கொடுத்தேன். "எனது உடல்நிலையைக் கருணையுடன் பரிசீலித்து, கீழ்த்தளத்தில் பணி ஒதுக்கித் தருமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." பதில் வரவில்லை. சக ஊழியர்கள் நல்லவர்கள், கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள், டீயை மேலே கொண்டுவந்து தருவார்கள். அதனாலேயே மேலிடத்துக்கு அதில் பிரச்சினை இருப்பதாகவே தெரியவில்லை.

2015 டிசம்பர் மழையில் மாடிக் கூரை ஒழுகி ஃபைல்கள் நனைந்தன. அடுத்த நாளே உத்தரவு: செக்‌ஷன் முழுவதும் கீழே. என் மூன்று மனுக்களால் ஆகாதது, நனைந்த காகிதத்துக்காக ஒரே நாளில் ஆயிற்று.

கீழே வந்த பிறகு நடந்ததுதான் விஷயம். ஒரு வாரத்தில் என் கால் ஆபீஸில் காணாமல் போய்விட்டது. டீக்கடைக்கு நானே போய் வந்தேன். "பாவம் சார்" நின்றது. தாமதமாக ஃபைல் அனுப்பினால் மற்றவர்களைத் திட்டுவதுபோல என்னையும் சூப்பிரண்டு திட்டினார், அதில் எனக்குத் தனி சந்தோஷம். காலில் ஒரு தசைகூடக் கூடுதலாக வளரவில்லை. படிகள்தான் போயின.

சரி, உரிமைக்கு வருகிறேன். சமூக அணுகுமுறையிலிருந்து அது எங்கே பிரிகிறது என்று பலரும் குழம்புவார்கள். கூரையைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் பிடித்தது. 2017 நடுவில், எல்லோரும் மறுபடி மேலே போக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அப்போதுதான் புரிந்தது, நான் கீழே வந்தது மழையின் தயவால். தயவு முடிந்தால் படி திரும்பி வரும். அந்த ஏப்ரலில்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்திருந்தது. 2006இல் ஐ.நா. நிறைவேற்றி, அடுத்த வருடம் இந்தியா ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் பிள்ளை அது. சங்கத்துத் தோழர் ஒருவர் பிரதி எடுத்துக் கொடுத்தார். பிரிவு 20(2)இல், ஒவ்வொரு அரசு நிறுவனமும் மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தகுந்த ஏற்பாடும் தடையில்லாத சூழலும் தர வேண்டும் என்று இருந்தது. நான்காவது மனு எழுத உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் 'கருணையுடன்' என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு, "மேற்படி சட்டப்பிரிவின்படி எனக்குக் கீழ்த்தளத்தில் பணியிடம் அளிக்கப்பட வேண்டும்" என்று எழுதினேன். 'தாழ்மையுடன்' என்பதையும் எடுத்துவிட்டேன். நான்கு வரிகூட வரவில்லை, மொட்டையாக இருப்பதுபோலத் தோன்றியது.

பதினோராவது நாள் உத்தரவு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அதுவரை கைகொடுத்தவர்களில் இரண்டு பேர், "சாருக்கு இப்ப சட்டமெல்லாம் தெரியுது" என்று ஒரு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். அதிகாரி கூப்பிட்டு, "வாயால சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?" என்று வருத்தப்பட்டார். மூன்று மனுவும் அவர் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். கேட்கும்வரை 'பாவம்', உரிமை என்று கேட்டுவிட்டால் 'திமிர்'. பாடப்புத்தகத்தில் இந்த வரி இருக்காது, ஆனால் தொண்டுக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டவில்லை.

இதை வைத்துச் சமூக அணுகுமுறைதான் முழு உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்து, நல்லபடி இருந்த தசைகளும் தளரத் தொடங்கும்; போஸ்ட் போலியோ என்பார்கள். எனக்கு மூன்று வருடங்களாக வலது காலும், ஊன்றுகோல் பிடிக்கும் தோளும். ராத்திரி இரண்டு மணிக்குத் தோள் வலிக்கும்போது எந்தச் சமூகத் தடையை உடைப்பது? அப்போது எனக்கு வேண்டியது டாக்டர், அந்த முடநீக்கியல்காரரேதான். டாம் ஷேக்ஸ்பியர் போன்றவர்கள், தாங்களே குறைபாட்டோடு வாழ்பவர்கள், இதைச் சொல்லி ஆலிவர் தரப்போடு நீண்ட காலம் சண்டை போட்டார்கள். உடம்பை மறந்துவிட்டு இயலாமையைப் பேச முடியாது என்பது அவர்கள் வாதம். ஆலிவரும் தான் கொடுத்தது ஒரு கருவி, எல்லாவற்றையும் விளக்கும் கோட்பாடல்ல என்றுதான் சொல்லிவந்தார். சுத்தியல் இருக்கிறது என்பதற்காகத் தோளில் அடிக்க முடியாது.

மருத்துவமே எட்டாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. பேய், சாபம், வினை என்று நம்பிக் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் கெட்டவர்கள் அல்ல, பலருக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் நான்கில் இந்த வினைப்பயன் பார்வை தனியாக வருகிறதா தெரியாது. வராவிட்டால் நீங்களே ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் அதுதான் மூத்தது.

சொல் விஷயம் ஒன்று. 2010 வாக்கில் தமிழ்நாடு அரசு 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றியது. 'நொண்டி' என்று கூப்பிடப்பட்டு வளர்ந்தவன் என்பதால் அந்த மரியாதையின் அருமை தெரியும். ஆனாலும் ஒரு சங்கடம். கல்யாண வீட்டில் ஒருவர், "உங்களுக்கு என்ன மாற்றுத்திறன் சார், பாடுவீங்களா?" என்று உண்மையாகவே கேட்டார். கால் போனால் குரலாவது வந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. எனக்கு ஃபைல் பார்க்கத்தான் வரும் என்றேன்.

சதவீதப் பிடியும் கொஞ்சம் தளர்ந்துவருகிறது. எழுதினால் கை இழுத்துக்கொள்ளும் ஒரு யுபிஎஸ்சி தேர்வர் வழக்கில், 40 சதவீதம் இல்லாவிட்டாலும் தேர்வெழுத உதவியாளர் கேட்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மெரினாவில் முன்பு டிசம்பரில் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள்; 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை வந்தது, இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் உடைந்தது, திரும்பக் கட்டினார்கள். நானும் போனேன். இரும்பு துருப்பிடிக்குமே என்று காலிப்பரை நினைத்துத் தண்ணீர்வரை போகவில்லை, அது என் பயம்.

நீங்கள் ஆசிரியராகப் போகிறவர் என்பதால் கடைசியாக என் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். ஒன்பதாவது வரை கீழே படித்தேன். பத்தாம் வகுப்பு மாடியில் இருந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவன், நல்ல வாட்டசாட்டம், தினமும் என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறுவான். அவன் சட்டைக் காலரின் தேங்காயெண்ணெய் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. ஆண்டு விழாவில் அவனுக்கு ஒரு பரிசுகூடக் கொடுத்தார்கள், நானும் கைதட்டினேன். அவன் லீவு போட்டால் எனக்கும் லீவு. அந்த வருடம் அவனுக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டான். அல்ஜீப்ரா முழுவதும் அந்த மூன்று வாரத்தில் போனது. ஹெட்மாஸ்டர் இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போய் உடம்பைப் பார்த்து வந்தார், என் வீட்டுக்கும் வந்து நோட்டு கொடுத்தார், அருமையான மனிதர். பத்தாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்துவிட்டு ஒன்பதை மேலே அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்பா அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.